அரசினர் தோட்டத்துல எந்தத் தோட்டம்? ராஜாஜி ஹாலோட 220 வருஷக் கதை

(எபிசோடோட எழுத்து வடிவம். பேசும்போது வந்த "அதாவது", "வந்து" எல்லாத்தையும் வெட்டியாச்சு. மேல பறந்த ரெண்டு விமானத்தையும்தான்.)



போன வருஷம் அப்பாவுக்கு நெஞ்சுல ஒரு அடைப்பு. ஆஞ்சியோ பண்ணணும்னு சொன்னாங்க. ஓமந்தூரார் ஆஸ்பத்திரியில சேர்த்தோம். அந்த அஞ்சு நாளும் என் ரூட் ஒண்ணுதான். ஆதம்பாக்கத்துலேர்ந்து ஆலந்தூர் மெட்ரோ வரைக்கும் ஷேர் ஆட்டோ. அங்கேர்ந்து நீல லைன். இறங்கற ஸ்டேஷன் பேரு "அரசினர் தோட்டம்". கையில ரசம் சாதம் டிஃபன் பாக்ஸ், காதுல ஆபீஸ் கால், வெளிய வந்தா அண்ணா சாலை. தோட்டம்னு சொல்ற மாதிரி எதுவும் கண்ணுல படல.

மூணாவது நாள் அப்பா கட்டில்ல சாஞ்சு உக்காந்துட்டு கேட்டாரு: "டேய், இது எதுக்குக் கட்டின பில்டிங்னு தெரியுமா உனக்கு?" தெரியும்னேன். சட்டமன்றம், தலைமைச் செயலகம். 2010ல அதுக்காகத் திறந்தாங்க. "சரி, பக்கத்துல இருக்கற ராஜாஜி ஹால் எதுக்குக் கட்டினது?"

எனக்குத் தெரியல. அரசியல் தலைவர்கள் யாராவது இறந்தா டிவியில காட்டற வெள்ளைக் கட்டடம், பெரிய படிக்கட்டு. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது. அப்பாவுக்கும் அதுக்கு மேல தெரியல. ஆனா அவருக்கு அந்தப் படிக்கட்டோட ஒரு சொந்தக் கதை இருந்துச்சு, அதைக் கடைசியில சொல்றேன். வார்டுக்கு வெளிய காத்திருந்த நேரத்துல நான் படிச்சதும், வீட்டுக்கு வந்து தேடினதும்தான் இன்னிக்கு எபிசோட்.

முதல்ல தோட்டம். 1746ல பிரெஞ்சுக்காரங்க மெட்ராஸைப் பிடிச்சாங்க, 1749ல திருப்பிக் கொடுத்தாங்க. அந்த இடைவெளியில கம்பெனி கவர்னரோட பழைய தோட்ட வீடு இல்லாம போச்சு. புதுசா ஒண்ணு வேணும். கூவம் கடல்ல சேர்ற இடத்துக்குக் கிட்ட, மெதெய்ரோஸ்னு ஒரு போர்ச்சுகீசிய வணிகக் குடும்பத்துக்கு ஒரு வீடும் தோட்டமும் இருந்துச்சு. அதை 1753ல கம்பெனி விலைக்கு வாங்கிடுச்சு. கோட்டைக்குள்ள ஆபீஸ், கோட்டைக்கு வெளிய தோட்டத்தோட வீடு. அதுதான் கவர்ன்மென்ட் ஹவுஸ், அதைச் சுத்தின நிலம்தான் அரசினர் தோட்டம். மெட்ரோ ஸ்டேஷன் 2019ல வந்தது, பேருக்கு வயசு அதைவிட ரொம்ப அதிகம்.

இப்ப 1798க்கு வருவோம். புது கவர்னர் எட்வர்ட் கிளைவ். பிளாசிப் போர்ல ஜெயிச்சாரே ராபர்ட் கிளைவ், அவரோட மகன். இவர் வந்த அடுத்த வருஷமே, 1799 மே மாசம், ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு சுல்தான் கொல்லப்படறாரு. தென்னிந்தியாவுல கம்பெனியை எதிர்த்து நின்ன மிகப் பெரிய ஆள் போயாச்சு. இனிமே இவங்க வியாபாரிங்க இல்ல, ராஜாங்க. ராஜாவுக்கு ஒரு தர்பார் வேணும்ல? இருக்கற வீடு வீடு மாதிரிதான் இருந்துச்சு, ஆயிரம் பேரைக் கூப்பிட்டு விருந்து வைக்க முடியாது. அதனால வீட்டைப் புதுப்பிச்சு, பக்கத்துலயே தனியா ஒரு விருந்து மண்டபம் கட்ட முடிவு பண்றாங்க. பேரே "பேங்குவெட்டிங் ஹால்". 1800ல வேலை ஆரம்பம், 1802 அக்டோபர்ல திறப்பு.

கட்டினவர்தான் இந்தக் கதையில எனக்குப் பிடிச்ச ஆளு. ஜான் கோல்டிங்ஹாம். அவர் கட்டடக் கலைஞர் இல்ல, வானியலாளர்! நுங்கம்பாக்கத்துல கம்பெனி 1792ல ஒரு வானாய்வுக்கூடம் கட்டியிருந்துச்சு. இன்னிக்கு மழை வருமா, புயல் வருமான்னு சொல்ற வானிலை மையம் இருக்கே, அதே வளாகம். அங்க நட்சத்திரம் பார்த்துட்டு இருந்தவர் இவர். மெட்ராஸோட தீர்க்கரேகையைக் கணக்குப் போட்டவர். 20ஆம் நூற்றாண்டு தொடக்கம் வரைக்கும் இந்திய ரயில்வே ஓடினது "மெட்ராஸ் டைம்"லதான், அதுக்கு அடிப்படை இந்த வானாய்வுக்கூடம். 1794ல கம்பெனி ஒரு சர்வே பள்ளிக்கூடம் ஆரம்பிச்சுது, அதோட பொறுப்பும் இவர்கிட்ட வந்துச்சு. அந்தப் பள்ளிக்கூடம் வளர்ந்துதான் கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் ஆச்சு. (நான் படிச்சது அங்க இல்ல. கட்ஆஃப் பத்தி யாரும் கமெண்ட்ல கேக்க வேண்டாம்.)

ஒரே ஆளு நட்சத்திரம் பாக்கறாரு, காலேஜ் நடத்தறாரு, கட்டடம் கட்டறாரு. இன்னிக்கு ஸ்டார்ட்அப் கம்பெனியில முதல் பத்து பேர்ல ஒருத்தரா சேர்ந்தா இருக்கற நிலைமைதான்.

அவர் செஞ்ச இன்னொரு விஷயம் கட்டடத்துக்குச் சம்பந்தமில்ல. ஆனா ஆதம்பாக்கத்துக்காரனா இருந்துட்டு இதைச் சொல்லாம போனா பரங்கிமலை என்னை மன்னிக்காது. பரங்கிமலையில பீரங்கிப் படை முகாம் இருந்துச்சு. காலையிலயும் ராத்திரியும் பீரங்கி வெடிப்பாங்க. கோட்டையிலயும் அப்படித்தான். கோல்டிங்ஹாம் நுங்கம்பாக்கத்துலேர்ந்து பீரங்கியோட ஒளியைப் பாப்பாரு, அப்புறம் சத்தம் வர்ற வரைக்கும் எண்ணுவாரு. மலைக்கும் வானாய்வுக்கூடத்துக்கும் சுமார் 9 கிலோமீட்டர். ஒளி உடனே வந்துடும், சத்தம் வர 26 விநாடி பக்கம் ஆகும். தூரத்தை நேரத்தால வகுத்தா ஒலியோட வேகம். இதை மாசக்கணக்குல செஞ்சு, வெயில், ஈரப்பதம், காத்து எல்லாம் சேர்த்துக் குறிச்சு, 1823ல லண்டன் ராயல் சொசைட்டியோட இதழ்ல கட்டுரையா போட்டாரு. எங்க ஏரியா சத்தத்தை வெச்சு உலகத்துக்கு ஒரு டேட்டாசெட் கிடைச்சிருக்கு.

சரி, மண்டபத்துக்கு வருவோம்.

கிரேக்கக் கோயில் மாதிரி ஒரு வடிவம். சுத்தி உயரமான தூண்கள், முக்கோண முகப்பு. தரையிலேர்ந்து நல்லா உயர்த்தி, மேல் தளத்துலதான் மண்டபம். அதுக்கு ஏற ஒரு பெரிய, அகலமான படிக்கட்டு. முக்கோண முகப்புகள்ல போர் வெற்றிச் சின்னங்கள். ஒண்ணு பிளாசி, இன்னொண்ணு ஸ்ரீரங்கப்பட்டணம். அப்பா ஜெயிச்ச போரும் பிள்ளை காலத்துல ஜெயிச்ச போரும் ஒரே கட்டடத்துல. அடக்கம்னு சொல்ல முடியாது. லண்டன்ல இருந்த கம்பெனி டைரக்டர்கள் இந்தச் செலவை ரசிக்கவும் இல்ல.

படிக்கட்டை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. வர்ற விருந்தாளி வண்டியிலேர்ந்து இறங்கி, எல்லாரும் பாக்க மெதுவா ஏறணும். மேல கவர்னர் நிப்பாரு. ஏறறவன் சின்னவன், நிக்கறவன் பெரியவன். அதை வார்த்தையில சொல்லாம கல்லுல சொல்றதுக்காகப் போட்ட படிக்கட்டு அது.

அடுத்த அம்பது வருஷம் நடனம், விருந்து, கவர்னர் வரவேற்பு. இதை வேகமா தாண்டிடலாம், யார் யாரோட ஆடினாங்கன்னு நமக்கு என்ன?

1857ல சென்னைப் பல்கலைக்கழகம் வருது. பல்கலைக்கழகம்னு பேரு இருக்கு, சட்டம் இருக்கு, பரீட்சை இருக்கு, சொந்தமா ஒரு ஹால் இல்ல. சேப்பாக்கத்துல செனட் ஹவுஸ் கட்டி முடிக்க 1879 ஆச்சு. அதுவரைக்கும் பட்டமளிப்பு விழாக்கள் இந்த விருந்து மண்டபத்துலதான். அந்தப் பல்கலைக்கழகத்தோட முதல் பி.ஏ. பட்டதாரிகள் ரெண்டு பேருமே யாழ்ப்பாணத்துக்காரங்க. அதுல ஒருத்தர் சி.வை. தாமோதரம்பிள்ளை, பின்னாடி பழைய ஓலைச்சுவடிகளைத் தேடித் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சுல கொண்டுவந்தவர். கம்பெனியோட வெற்றியைக் கொண்டாடக் கட்டின இடத்துல, உள்ளூர்ப் பசங்க கறுப்பு அங்கி போட்டு வரிசையில நிக்கறாங்க. கட்டடத்துக்குக் கிடைச்ச முதல் வேலை மாற்றம் இது.

நடுவுல கட்டடத்தையும் கொஞ்சம் மாத்தினாங்க. முதல்ல மேல் தளத்தைச் சுத்தித் திறந்த மாடி இருந்துச்சு, 1875 வாக்குல அதைக் கூரை போட்டு மூடின தாழ்வாரமா ஆக்கினாங்க. மெட்ராஸ் வெயில்ல கிரேக்கக் கோயிலை அப்படியே வெச்சுக்க முடியாதுன்னு புரிய எழுபது வருஷம்!

ரெண்டாவது வேலை மாற்றம்தான் பெருசு. 1935 சட்டப்படி தேர்தல் நடந்து, 1937ல காங்கிரஸ் ஜெயிச்சு, ராஜாஜி பிரதமர் ஆகறாரு. அப்ப மாகாணத்து முதல்வருக்கு அதுதான் பேரு. சட்டமன்றத்துல இப்ப 215 பேர். கோட்டையில இருந்த பழைய கூட்ட அரங்கம் பத்தல. முதல்ல சில மாசம் செனட் ஹவுஸ்ல கூடறாங்க. அப்புறம் 1938 ஜனவரியிலேர்ந்து 1939 அக்டோபர் வரைக்கும் இந்த விருந்து மண்டபத்துல.

ரெண்டு வருஷம்கூட இல்ல. ஆனா அந்தக் காலத்துல இங்க நடந்ததைப் பாருங்க. இந்தியாவுலயே முதல் பொது விற்பனை வரிச் சட்டம், 1939ல. நீங்க இன்னிக்கு பிரியாணி பில்லுல பாத்து முணுமுணுக்கறதுக்குத் தாத்தா அது. மதுவிலக்கால போன வருமானத்தை ஈடுகட்ட வந்த வரி. ஹிந்தியைப் பள்ளியில கட்டாயமாக்கினதும், அதை எதிர்த்து முதல் மொழிப் போராட்டம் வெடிச்சதும் இதே காலத்துலதான். உள்ள மசோதா, வெளிய மறியல்.

அப்புறம் கோயில் நுழைவு. 1939 ஜூலை 8, மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ள வைத்தியநாதய்யர் தலைமையில தாழ்த்தப்பட்டவங்க நுழையறாங்க. சட்டப்படி அது பிரச்சனை ஆகலாம், உள்ள அழைச்சுட்டுப் போனவங்க மேல வழக்கு வரலாம். அரசு முதல்ல அவசரச் சட்டம் போடுது, அப்புறம் அதே வருஷம் கோயில் நுழைவு அனுமதி மற்றும் பாதுகாப்புச் சட்டம். யாரை உள்ள விடணும், யாரை வெளிய நிறுத்தணும்னு படிக்கட்டு போட்டுச் சொன்ன ஒரு கட்டடத்துல உக்காந்து, கதவைத் திறக்கற சட்டத்தை நிறைவேத்தியிருக்காங்க. இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தக் கட்டடம் எனக்கு வெறும் டிவி பின்னணியா இல்லாம போச்சு.

1939 அக்டோபர்ல, யாரையும் கேக்காம இந்தியாவைப் போர்ல இழுத்துவிட்டதுக்காகக் காங்கிரஸ் அமைச்சரவை ராஜினாமா பண்ணிடுச்சு. சட்டமன்றம் கூடறது நின்னுபோச்சு. மண்டபம் மறுபடி மண்டபம்.

சுதந்திரத்துக்கு அப்புறம் கவர்னர் கிண்டி ராஜ்பவனுக்குப் போயிடறாரு. 1948ல ராஜாஜி கவர்னர் ஜெனரல் ஆகறாரு, மண்டபத்துக்கு ராஜாஜி ஹால்னு பேரு. திப்பு தோத்ததுக்காகக் கட்டின மண்டபத்துக்கு, வெள்ளைக்காரனால ஜெயிலுக்கு அனுப்பப்பட்டவரோட பேரு. சுவத்துல வேற பெருசா எதையும் மாத்தல. வேரியபிள் பேரை மட்டும் மாத்திட்டு புரோகிராமை ஓடவிட்ட மாதிரி.

இப்ப நாம எல்லாரும் அறிஞ்ச வேலை. 1969 பிப்ரவரியில அண்ணா. 1972 டிசம்பர்ல ராஜாஜியே, அவர் பேர் வெச்ச ஹால்ல. 1973 டிசம்பர்ல பெரியார். 1975 அக்டோபர்ல காமராஜர். 1987 டிசம்பர்ல எம்.ஜி.ஆர். 2016 டிசம்பர்ல ஜெயலலிதா. 2018 ஆகஸ்ட்ல கருணாநிதி. வாழ்நாள் முழுக்க ஒருத்தரை ஒருத்தர் எதிர்த்தவங்க. ஒரே இடத்துல மக்கள் அவங்களை வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க.

ஏன் இங்க? நான் யோசிச்ச வரைக்கும் பதில் அந்தப் படிக்கட்டுதான். லட்சக்கணக்கான பேர் வரணும், பாக்கணும், நிக்காம நகரணும். உள் அரங்கத்துல வெச்சா கதவுல நெரிசல். சமதரையில வெச்சா முதல் பத்து வரிசைக்கு மட்டும் தெரியும். இங்க படிக்கட்டுல உயரமா வெச்சா தூரத்துல மைதானத்துலேர்ந்தே தெரியும். கவர்னரைப் பெருசா காட்டறதுக்குப் போட்ட உயரம், கடைசி வரிசையில நிக்கற ஆளுக்கும் தலைவரோட முகத்தைக் காட்ட உதவுது. அப்படியும் கூட்டத்தை முழுசா சமாளிக்க முடியறதில்ல. 2018ல நெரிசல்ல உயிர் போயிருக்கு.

1987ல எம்.ஜி.ஆர் உடல் பக்கத்துல ஜெயலலிதா ரெண்டு நாள் மணிக்கணக்கா அசையாம நின்னது பலருக்கும் தெரிஞ்ச கதை. 29 வருஷம் கழிச்சு அதே ஹாலுக்கு அவங்க உடலே வந்துச்சு.

இங்க கொஞ்சம் நிறுத்தி, பக்கத்துல இருந்த மத்த ரெண்டு கட்டடத்தைப் பாக்கணும். இல்லாட்டி ராஜாஜி ஹால் எவ்வளவு அதிர்ஷ்டசாலின்னு புரியாது.

1952 தேர்தல்ல சட்டமன்றத்துக்கு 375 பேர். எங்கயும் இடம் பத்தாம, இதே தோட்டத்துல புதுசா ஒரு சட்டமன்றக் கட்டடம் கட்டினாங்க. ஆந்திரா பிரிஞ்சுது, அப்புறம் 1956ல மொழிவாரி மாநிலம் வந்துச்சு, உறுப்பினர் எண்ணிக்கை 205 ஆச்சு. 1957ல எல்லாரும் கோட்டைக்கே திரும்பிட்டாங்க. காலியான கட்டடம் குழந்தைகளுக்கான பாலர் அரங்கம் ஆச்சு. அமைச்சர்கள் உக்காந்த இடத்துல பசங்க உக்காந்து படம் பாத்தாங்க, நல்ல முன்னேற்றம்தான். 1974ல என்.எஸ்.கே. நினைவா கலைவாணர் அரங்கம்னு பேரு. அப்புறம் அதை இடிச்சுட்டு, அதே பேர்ல புதுசு, 2016ல. 2020 செப்டம்பர்ல கொரோனா காலத்துல இடைவெளி விட்டு உக்கார இடம் தேடி, சட்டமன்றம் இந்தப் புது அரங்கத்துக்கு வந்துச்சு. சுத்திச் சுத்தி அதே தோட்டம்.

இன்னொண்ணு, அப்பா படுத்திருந்த கட்டடம். ஜெர்மனியைச் சேர்ந்த ஜி.எம்.பி. நிறுவனம் வடிவமைச்சது. 2010 மார்ச் 13ல பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வெச்சாரு. அன்னிக்கு மேல இருக்கற குவிமாடம் ரெடியாகல. சினிமா கலை இயக்குநர் தோட்டா தரணி ஒரு செட் போட்டுக் கொடுத்தாரு. அந்த செட்டுக்குக் கீழதான் திறப்பு விழா! ரிலீஸ் அன்னிக்கு பேக்எண்ட் ரெடியாகாம டம்மி ஸ்கிரீன் காட்டின அனுபவம் இருக்கற எல்லாருக்கும் இது ஆறுதலா இருக்கும். 2010 மார்ச்லேர்ந்து 2011 பிப்ரவரி வரைக்கும் சட்டமன்றம் அங்க கூடிச்சு. 2011 மே மாசம் ஆட்சி மாறிச்சு, சட்டமன்றம் கோட்டைக்கே போச்சு. 2014 பிப்ரவரியில கட்டடம் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை ஆச்சு.

இந்தக் கட்டடத்துக்காகத்தான் 2008ல பழைய கவர்ன்மென்ட் ஹவுஸை இடிச்சாங்க. 1753ல வாங்கினாங்களே, அந்த வீடு. பாரம்பரிய ஆர்வலர்கள் எதிர்த்தாங்க, நடக்கல. தோட்டத்துக்குக் காரணமான வீடே போயிடுச்சு, விருந்துக்குன்னு பக்கத்துல கட்டின ஹால் மட்டும் நிக்குது.

இதுல என் நிலைமை கொஞ்சம் சிக்கல். பழைய வீட்டை இடிச்சது தப்புன்னு நினைக்கறேன். 250 வருஷக் கட்டடத்தை நினைச்சாலும் திரும்பக் கட்ட முடியாது. ஒரு வருஷம்கூட முழுசா ஓடாத சட்டமன்றத்துக்காக அதை இழந்தோம்கறது இன்னும் உறுத்துது. சட்டமன்றத்துக்குன்னே அளவெடுத்துத் தெச்ச கட்டடத்தைப் பிரிச்சு ஆஸ்பத்திரி ஆக்கினதும் நல்ல இன்ஜினியரிங் கிடையாது. ஆனா அதே ஆஸ்பத்திரியில, நாலாவது நாள் காலையில, ஒரு டாக்டர் வெளிய வந்து "ஸ்டென்ட் வெச்சாச்சு, பயப்படாதீங்க"ன்னு சொன்னாங்க. அப்ப எனக்கு அந்த வீட்டு ஞாபகம் சுத்தமா வரல. ரெண்டும் உண்மை. இதை என்னால ஒரே வாக்கியத்துல சேர்க்க முடியல, முயற்சி பண்ணிப் பாத்தேன்.

ராஜாஜி ஹால் மட்டும் ஏன் தப்பிச்சுது? அது எதுக்கும் ரொம்பப் பொருத்தமா இல்லாததாலன்னு தோணுது. ஒரு பெரிய வெறும் ஹால், நாலு பக்கமும் கதவு, ஒரு படிக்கட்டு. எங்க பாஷையில சொன்னா டைட் கப்ளிங் இல்ல. டான்ஸ் வேணுமா, பட்டமளிப்பா, சட்டமன்றமா, எல்லாத்துக்கும் நாற்காலியை மட்டும் மாத்திப் போட்டா போதும். ஒவ்வொரு தலைமுறைக்கும் அது தேவைப்பட்டுச்சு, அதனால யாரும் இடிக்கத் துணியல. எனக்கு இருக்கற கவலை வேற. இப்ப அதை நாம நினைக்கறதே யாராவது இறந்தா மட்டும்தான். பல வருஷத்துக்கு ஒரு தடவை கூப்பிடற ஃபங்ஷனை எவ்வளவு நாள் மெயின்டெய்ன் பண்ணுவோம்? உள்ள பசங்களைக் கூட்டிட்டுப் போய் 1938ஐச் சொல்லிக் காட்டலாம், வாரக் கடைசியில ஒரு கச்சேரி வெக்கலாம். ஹாலுக்குப் பழக்கமில்லாத வேலை ஒண்ணும் இல்லையே.

அப்பா கதை சொல்றேன்னேன்ல. 1987 டிசம்பர் 24, அப்பாவுக்கு இருபது வயசு. பஸ் இல்ல, கடை இல்ல. ஆதம்பாக்கத்துலேர்ந்து நாலு பேர் நடந்தே கிளம்பியிருக்காங்க. மவுண்ட் ரோடுங்கற பேரே பரங்கிமலைக்குப் போற ரோடுங்கறதாலதான், அந்த ரோட்டோட மலைப்பக்க முனையிலேர்ந்து கோட்டைப் பக்கம் வரைக்கும். சாயங்காலம் போய்ச் சேர்ந்தா கூட்டம். ஒரு மரத்துல ஏறிப் பாத்தும் எம்.ஜி.ஆர் முகம் தெரியல. படிக்கட்டும், அதுல நின்ன ஆளுங்களோட தலையும்தான் தெரிஞ்சுதாம். திரும்பியும் நடைதான்.

டிஸ்சார்ஜ் ஆன அன்னிக்கு, ஆட்டோ வர்றதுக்குள்ள அந்தப் பக்கம் போலாம்னாரு. மெதுவா நடந்தோம். ஹால் கதவு மூடியிருந்துச்சு, யாருமே இல்ல, படிக்கட்டுல ஒரு நாய் தூங்கிட்டு இருந்துச்சு. மேல ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. அப்பா கீழ நின்னு கொஞ்ச நேரம் மேல பாத்துட்டு, "இவ்வளவு கிட்டதானாடா இருந்தேன்?"னாரு. அதுக்குள்ள ஆட்டோக்காரர் போன் பண்ணிட்டாரு.